ஒரே ஒரு அச்சு

அச்சில் ஊற்றிய கலவையை அறுக்கிற கம்பியின் ஒரு முனையை அவளும் மறுமுனையை வேலையாளும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தபோது, வீட்டுக்குள்ளிருந்து நாத்தனார் ஓடிவந்தாள்.

"கொஞ்சம் வந்துட்டுப் போயேன். தம்பிக்கு மூச்சு ஒரு மாதிரியா இருக்கு."

"இதோ வந்துட்டேன் அண்ணி. இன்னும் நாலே வரிசைதான்."

நாலு வரிசை! மனுஷ உயிரைவிடவா நாலு வரிசை பெரிசு என்று அவள் தலையில் யாராவது ஒரு குட்டு வைத்திருக்கலாம். வைக்க ஆளில்லை.

அந்தக் கலவையின் சுபாவம் அப்படி. ஆலை குப்பையென்று கொட்டுகிற சாம்பலோடு சுண்ணாம்பும் சிமெண்டும் துளி அலுமினியப் பொடியும் சேர்த்து அச்சில் ஊற்றினால், புளித்த மாவாட்டம் பொங்கி வரும். இளக்கமாக இருக்கும்போதே கம்பியால் அறுத்துக் கற்களாக்கிவிட வேண்டும். விட்டால் முழு அச்சும் ஒரே பாறை. தலைகீழாக நின்றாலும் அறுபடாது. காய்ந்தபின் அந்தக் கல்லை ஒற்றைக் கையால் தூக்கிவிடலாம். "மாமியார் தும்மினா சுவர் விழுந்துடாதே?" என்று கேலி பேசியவர்கள் வாயை அடைக்க அவள் புருஷனுக்கு வருஷக்கணக்காயிற்று. அத்தனை வருஷத்துத் தூசும் அவர் நெஞ்சிலேயே போய் உட்கார்ந்துகொண்டது.

அன்று காலை நன்றாகத்தான் இருந்தார். கஞ்சிகூட இறங்கியது.

"இன்னைக்குக் கலவை வேண்டாமே. பேசாம என்கூட இரேன்" என்றார்.

வேலையை நிறுத்து என்று ஒருநாளும் சொல்லாத மனுஷன். அந்தச் சொல்லிலேயே அவளுக்கு உறைத்திருக்க வேண்டாமா? கஞ்சி இறங்கியதைப் பார்த்து, ஆள் தேறிவிட்டார் என்று மனப்பால் குடித்தாள்.

"ஒரே ஒரு அச்சுங்க. முடிச்சுட்டு ஓடி வந்துடறேன்."

"உன்னை யாரால நிறுத்த முடியும்" என்று சிரித்தார். அவர் அவளிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

நாத்தனார் இரண்டாம் முறை வந்தபோது "வா" என்று மட்டும் சொன்னாள். இவளும் "இதோ" என்றாள். ஒரு வரிசை பாக்கி. பாழாய்ப் போகட்டும் என்று கம்பியை வீசிவிட்டு ஓடியிருக்கலாம். வீசவில்லை. அறுத்து முடித்து, சுண்ணாம்புக் கையோடு அவரைத் தொடக்கூடாதே என்று தொட்டியில் கை வேறு கழுவினாள். ஈரக் கையோடு உள்ளே நுழைந்தபோது, நாத்தனார் அவர் கண்களை மூடிக்கொண்டிருந்தாள்.

அப்புறம் ஊர் கூடியது, தூக்கிக்கொண்டு போனது, கலைந்தது. மறுநாள் வேலையாள் வாசலில் வந்து தயங்கி நின்றான்.

"அக்கா, கல்லெல்லாம் ஒண்ணு போல வந்திருக்கு. ஒண்ணுகூட மூலை உடையலை."

உடைந்திருக்கலாம், அத்தனையும் நொறுங்கிப் போயிருக்கலாம் என்றிருந்தது அவளுக்கு. தலையாட்டி அனுப்பினாள்.

நாத்தனார் போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தாள். முந்தின நாளிலிருந்து மனசை அரித்துக்கொண்டிருந்ததை இவள் கேட்டுவிட்டாள்.

"அவருக்கு என்மேல கோபமா அண்ணி?"

"கோபமெல்லாம் இல்லை. நீ வர்றேன்னு சொன்னேன். சரின்னு தலையை ஆட்டினான்."

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

நாத்தனார் மடித்த போர்வையை உதறி மறுபடியும் மடித்தாள்.

"கட்டிலை இப்படித் திருப்பிப் போடச் சொன்னான். காத்துக்குத்தான் கேக்குறான்னு நினைச்சுப் போட்டேன்."

போர்வைகளை எடுத்துக்கொண்டு அவள் போய்விட்டாள். அப்போதுதான் இவள் கட்டிலைக் கவனித்தாள். தலைமாடு கால்மாடாகிக் கிடந்தது. மெல்ல உட்கார்ந்தாள், பிறகு, அவர் தலை வைத்திருந்த இடத்தில் தலை வைத்துப் படுத்தாள்.

திறந்த கதவு வழியே அறுக்கிற மேடை முழுசாகத் தெரிந்தது. முந்தின நாள் அவள் நின்ற அதே இடத்தில் வேலையாள் இந்தப் பக்கம் முதுகைக் காட்டி நின்று, மேடையில் காய்ந்துபோன சாம்பலைச் சுரண்டிக்கொண்டிருந்தான். அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டே கிடந்தாள். அவன் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.