லோஞ்ச் கொன்றோலர் வருகிறார்

அனலைதீவு உபதபாலதிபர் ஆழ்வாப்பிள்ளை, தந்தி இரகசியத்தைக் காப்பதாக அரசாங்கத்துக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்தவர். அந்தச் சத்தியத்தை அவர் ஒருநாளும் மீறியதில்லை. எந்தத் தந்தியையும், உரியவரைத் தவிர, ஒரே ஒரு ஆளுக்குத்தான் சொல்வார்.

செவ்வாய்க்கிழமை வந்த தந்திக்கு அந்த ஒரு ஆள் குலசிங்கம். ஊர்காவற்றுறைக்கும் அனலைதீவுக்கும் இடையில் ஆட்களை ஏற்றி இறக்கும் மோட்டர் படகு அவருடையது. படகென்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். ஊரில் எல்லோரும் அதை லோஞ்ச் என்றே சொல்வார்கள். தந்தி வந்தது என்னவோ பள்ளிக்கூடத்து விஞ்ஞான ரீச்சர் மீனலோசனிக்கு. அனுப்பியவர் கொழும்பில் உத்தியோகம் பார்க்கும் அவளுடைய தமையன் விநாயகமூர்த்தி. இங்கிலீசில் எழுதியிருந்த விஷயம் இவ்வளவுதான்: லோஞ்ச் கொன்றோலர் வெள்ளிக்கிழமை வருகை, பன்னிரண்டு வோல்ற் பற்றரி கட்டாயம் தயார்.

இங்கிலீசில் ஆள் வந்தாலும் பெட்டி வந்தாலும் ஒரே சொல்தான். தமிழில் அப்படி மழுப்ப முடியாது. வருகிறது என்பதா, வருகிறார் என்பதா என்று முடிவு பண்ணியே ஆகவேண்டும். ஆழ்வாப்பிள்ளை மரியாதை தெரிந்த மனிதர். சாப்பாட்டுச் சாமானுக்கு ஒரு கொன்றோலர், இறக்குமதிக்கு ஒரு கொன்றோலர் என்று எல்லாவற்றுக்கும் அரசாங்கம் கட்டுப்பாட்டு அதிகாரி வைத்திருக்கும்போது, லோஞ்சுகளுக்கும் ஒருவரை வைத்துவிட்டார்கள் என்று நம்புவதில் அவருக்கு என்ன சிரமம்? தமையன் தங்கைக்கு முன்கூட்டியே துப்புக் கொடுத்திருக்கிறான் என்றும் கணக்குப் போட்டார். வருகிறார் என்றே குலசிங்கத்தின் காதில் போட்டார்.

மீனலோசனிக்கு இது ஒன்றும் தெரியாது. தந்தியைக் கண்டதும் அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அவளுக்கு வேண்டியிருந்த கொன்றோலர் வேறு. அது ரொக்கெற்றை ஏவுகிற பெட்டி.

சந்திரனில் மனிதன் கால் வைத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அவளுடைய ஒன்பதாம் வகுப்பில் இருந்ததே ஏழு பிள்ளைகள். ஏழு பேருக்கு ஒரு விஞ்ஞான வகுப்பு எதற்கு, ஊர்காவற்றுறைக்குப் போய்ப் படிக்கட்டுமே என்று மேலிடத்தில் பேச்சு அடிபட்டது. சனிக்கிழமை கல்வித் திணைக்களத்து வித்தியாதிகாரி நேரில் வந்து பார்த்து முடிவு சொல்வதாக அறிவித்திருந்தார். ஏழு பேரில் நாலு பேர் பெண்பிள்ளைகள். தினமும் கடல் கடந்து போய்வர அந்த நாலு பேரையும் வீட்டில் விடமாட்டார்கள் என்பது மீனலோசனிக்குத் தெரியும். வகுப்பை மூடினால் அவர்களுக்கு விஞ்ஞானம் அன்றோடு சரி. அதனால்தான் அதிகாரியின் கண் முன்னால் ஒரு ரொக்கெற்றை ஏவிக் காட்டுவதென்று பிள்ளைகளும் அவளும் இறங்கினார்கள்.

ரொக்கெற் ஒன்றரை அடி உயரம். கடதாசி மட்டையைச் சுருட்டி ஒட்டிய உடம்பு. உள்ளே இருந்த வெடிமருந்துக் குழாய், ஊர்காவற்றுறையில் கோயில் திருநாட்களுக்கு வாணம் கட்டும் பஸ்ரியாம்பிள்ளை அளவு பார்த்துக் கட்டிக் கொடுத்தது. பற்ற வைப்பதுதான் பிரச்சினை. போன வருடம் விளையாட்டுப் போட்டியில் விட்ட வாணமொன்று பள்ளிக்கூட அதிபரின் வேட்டிக் கரையைப் பதம் பார்த்துவிட்டது. முப்பது அடிக்குள் ஒருவரும் நெருப்புக் குச்சியோடு நிற்கக்கூடாதென்பது அன்றிலிருந்து பள்ளிக்கூடத்துச் சட்டம். ஆகவே தூர நின்று மின்சாரத்தால்தான் மூட்டவேண்டும். மெல்லிய கம்பியொன்றை மருந்தில் செருகி, அந்தக் கம்பியைப் பழுக்கச் செய்யவேண்டும்.

நாலு டோர்ச் பற்றரியைத் தொடுத்துப் பார்த்தார்கள். பல்ப் பளிச்சென்று எரிந்தது, பிள்ளைகள் கைதட்டினார்கள். கம்பியோ சூடாகக்கூட இல்லை. எட்டாக்கினார்கள். முழுப் பள்ளிக்கூடமும் கூடி நின்று பார்த்த அன்றைக்கும் ரொக்கெற் அசையவில்லை. "ரீச்சரின்ரை ரொக்கெற் விரதம் பிடிக்குது" என்று பத்தாம் வகுப்பில் யாரோ சொன்னது ஊர் முழுக்கப் பரவியது. அன்று வீட்டுக்குப் போய் அடுப்படியில் நின்று மீனலோசனி அழுதாள்.

அதைக் கேள்விப்பட்டுத்தான் தமையன் முதலில் கடிதம் எழுதியிருந்தார். "பல்ப் எரிய ஒரு மிடறு மின்சாரம் காணும். கம்பி பழுக்க ஒரே வீச்சில் ஒரு குடம் வேணும். டோர்ச் பற்றரியால் அப்படி வார்க்க ஏலாது. நீ பிடித்த மெல்லிய வயரும் பாதியைத் தானே குடித்துவிடும். தடித்த வயர் வைத்து ஒரு பெட்டி செய்து அனுப்புறன். நீ கார் பற்றரி ஒன்று பார்த்து வை."

கார் இல்லாத தீவில் கார் பற்றரிக்கு எங்கே போவது? ஊரில் இருந்த ஒரே உழவு யந்திரம் பழுதாகி, பற்றரியோடு யாழ்ப்பாணம் போயிருந்தது. குலசிங்கத்தின் லோஞ்சில் இருந்த பற்றரி செத்து இரண்டு வருடம்; அவர் கைபிடி போட்டுச் சுழற்றித்தான் எஞ்சினை உயிர்ப்பிப்பார். வியாழக்கிழமை பின்னேரம், ஊர்காவற்றுறையில் எங்காவது இரவல் வாங்கித் தருவாரா என்று அவரைக் கேட்க இறங்குதுறைக்குப் போன மீனலோசனி அப்படியே நின்றுவிட்டாள்.

லோஞ்சுக்குப் புது நீல வர்ணம் பூசியிருந்தது. ஓட்டை விழுந்த கூரைக்குப் புதுக் கித்தான். இரண்டு பக்கமும் மிதவைகள். இருபது பேருக்கு மேல் ஏற்றப்படமாட்டார்கள் என்று கொட்டை எழுத்தில் ஒரு பலகை. நாற்பது பேருக்குக் குறைய அதில் போனதாக ஊரில் ஒருவருக்கும் ஞாபகமில்லை. எஞ்சினுக்குப் பக்கத்தில், மூடி பளபளக்க, புத்தம் புதிய பன்னிரண்டு வோல்ற் பற்றரி.

"என்ன குலசிங்கண்ணை, கலியாண வீடே?"

குலசிங்கம் சுற்றும் முற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "ரீச்சர், உங்கடை தந்தி விஷயம் எனக்கு எல்லாம் தெரியும். நாளைக்கு லோஞ்ச் கொன்றோலர் வாறாரெல்லே? பற்றரி கட்டாயம் எண்டு தந்தியிலை கிடக்காம். கடைக்காரன் தெரிஞ்சவன். கிழமைக்குள்ளை வேண்டாமெண்டால் திருப்பி எடுப்பான். அவர் பாத்திட்டுப் போனவுடனை குடுத்திடுவன்."

மீனலோசனிக்குச் சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்தது. அதன் பின்னாலேயே வேறொரு நினைப்பும் வந்தது. உண்மையைச் சொன்னால் நாளைக் காலையே பற்றரி யாழ்ப்பாணம் போய்விடும். அவள் சிரிப்பை விழுங்கினாள், உண்மையையும் விழுங்கினாள்.

"ஆள் எப்பிடி? கடுமையோ?"

"பெரிசாக் கதைக்கிற ஆளில்லை அண்ணை."

"கையூட்டு..."

"ஒண்டும் வாங்கமாட்டார். பற்றரி மட்டும் சரியா இருந்தால் காணும்."

சொன்னதில் ஒரு பொய்யும் இல்லைத்தான். இருந்தும், வீடு வரைக்கும் அவளுக்குக் காது சுட்டுக்கொண்டேயிருந்தது.

வெள்ளிக்கிழமை குலசிங்கம் வெளுத்த வேட்டியும் பூமாலையும் இரண்டு இளநீருமாக ஊர்காவற்றுறையில் காத்திருந்தார். யாழ்ப்பாணத்து பஸ்கள் மூன்று வந்தன. சப்பாத்துப் போட்டு இறங்கிய ஒவ்வொருவரையும் போய் விசாரித்தார். ஒருவர் மருந்து விற்கிற ஆள், ஒருவர் மாப்பிள்ளை பார்க்க வந்தவர். கடைசி பஸ்ஸில் வந்தது ரீச்சருக்கு ஒரு பார்சல் மட்டும். அதை ஆசனத்துக்குக் கீழே தள்ளிவிட்டு வாடிய மாலையோடு திரும்பி வந்தார்.

இறங்குதுறையில் மீனலோசனி காத்து நின்றாள். அந்த மாலையைக் கண்டதும் அவளால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"அண்ணை, கொன்றோலர் வந்திட்டார். உங்கடை ஆசனத்துக்குக் கீழைதான் இருக்கிறார்."

பார்சலைப் பிரித்தாள். தேயிலைப் பெட்டிப் பலகையில் செய்த சின்னப் பெட்டி. மேலே ஒரு சாவித் துவாரம், ஒரு பல்ப், ஒரு சிவப்புப் பொத்தான். தடித்த வயர் ஒரு சுருள். ரொக்கெற் மேலே எழும்புவதற்கும் இங்கிலீசில் லோஞ்ச் என்றுதான் பெயர் என்று அவள் விளக்கினாள். வியாழக்கிழமையே தெரிந்தும் சொல்லாமல் விட்டதையும் சொன்னாள்.

குலசிங்கம் பெட்டியைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். பிறகு மாலையைப் பெட்டிக்கே போட்டுவிட்டார்.

"இதுக்கோ நான் வர்ணம் பூசினனான்? இதுக்கோ இளநீர் வெட்டக் கொண்டு போனனான்? ஊர் சிரிக்கப்போகுது ரீச்சர். நாளைக்குக் காலமை பற்றரி போகுது."

"என்னிலை பிழைதான். கோவியுங்கோ, ஏசுங்கோ. ஆனால் நாளைக்கு ஒரு நாள் மட்டும் பற்றரி வேணும் அண்ணை. வகுப்பை மூடினால் நாலு பெட்டையளும் வீட்டோடைதான்."

"ஏன்? என்ரை லோஞ்சிலை போகட்டுமே!"

"உங்கடை லோஞ்சுக்குப் பயந்துதானே விடமாட்டினம்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். இருபது பேர் என்று எழுதிய பலகையைக் குலசிங்கம் திரும்பிப் பார்த்தார். அவர் முகம் சுருங்கியதைக் கண்டு அவளுக்கு நெஞ்சு நொந்தது.

"பற்றரி லோஞ்சை விட்டு இறங்காது" என்றார் கடைசியில். "உம்மடை ரொக்கெற் இஞ்சை வரட்டும். பெட்டிச் சாவி என்ரை மடியிலை இருக்கும். என்ரை பற்றரி, நான் விட்டால்தான் ஓடவேணும்."

உங்கடை என்ற மரியாதை ஒரு படி இறங்கி உம்மடை ஆகிவிட்டது. கோபம் தீரவில்லை என்று அதற்கு அர்த்தம்.

சனிக்கிழமை வித்தியாதிகாரியை ஏற்ற ஊர்காவற்றுறைக்குப் போனதும் அந்த லோஞ்ச்தான். குலசிங்கம் எஞ்சின் பொத்தானை ஒருதரம் அமத்தினார். எஞ்சின் உடனே பிடித்தது. எண்ணி இருபது பேரைத்தான் ஏற்றினார். அனலைதீவில் இறங்கும்போது அதிகாரி சொன்னார்: "பத்து வருசமாத் தீவுகளுக்குப் போய் வாறன். வேட்டி நனையாமல் இறங்கினது இண்டைக்குத்தான்." குலசிங்கம் காதில் விழாதவர் மாதிரிக் கயிற்றைக் கட்டினார். அதே முடிச்சை மூன்று தரம் போட்டார்.

மணலில் முப்பது அடி தள்ளி ரொக்கெற் நின்றது. அங்கிருந்து வயர் லோஞ்சுக்கு வந்து பெட்டியில் ஏறியது. பெட்டியின் இரண்டு கவ்விகளையும் பெண்பிள்ளைகளில் ஒருத்தி பற்றரியில் மாட்டினாள். ஊரே திரண்டிருந்தது. விரதக் கதை சொன்ன பத்தாம் வகுப்பு முன்வரிசையில் நின்றது.

"இதை இயக்கிறது ஆர்?" என்றார் அதிகாரி. "நீங்களோ ரீச்சர்?"

அவள் ஒரு கணம் யோசித்தாள். "இல்லை சேர். நான் விஞ்ஞானம் மட்டும்தான். லோஞ்ச் கொன்றோலர் இவர்" என்று குலசிங்கத்தைக் காட்டினாள்.

குலசிங்கம் அவளைத் திரும்பிப் பார்த்தார். மடியிலிருந்து சாவியை எடுத்துத் துவாரத்தில் போட்டுத் திருப்பினார். பல்ப் எரிந்தது. கம்பி அறாமல் இருக்கிறதென்று அது சொல்லும் சேதி. பிள்ளைகள் பத்திலிருந்து கீழே எண்ணத் தொடங்கினார்கள். பத்து, ஒன்பது, எட்டு, ஏழு, ஆறு, ஐந்து. அதற்குமேல் குலசிங்கத்துக்குப் பொறுமை இல்லை. நாலில் சிவப்புப் பொத்தானை அமத்திவிட்டார்.

சீறிக்கொண்டு எழும்பியது ரொக்கெற். பனைக்கு மேலே, பறவைகளுக்கு மேலே, வெண்புகை நூலை இழுத்துக்கொண்டு போய், புள்ளியாகி, பிறகு ஆடி ஆடிக் கடலில் விழுந்தது. பத்தாம் வகுப்புத்தான் முதலில் கத்தியது. மீனலோசனி சிரித்தாள், கண்ணீர் தன்பாட்டுக்கு வழிந்தது. துடைக்கவும் அவளுக்குத் தோன்றவில்லை.

வகுப்பை மூடவேண்டாமென்று எழுதுவதாக அதிகாரி அங்கேயே சொன்னார். குலசிங்கம் அதைக் கேட்டுவிட்டுத்தான் ரொக்கெற்றை எடுத்துவர லோஞ்சைக் கிளப்பினார்.

"அப்ப பற்றரி எப்ப அண்ணை திருப்பிக் குடுக்கிறது?"

"ஆர் குடுக்கிறது? உங்கடை அடுத்த ரொக்கெற்றுக்கு நீங்கள் என்ன, டோர்ச் லைற்றோ பிடிக்கப் போறியள்?"

உங்கடை திரும்பி வந்துவிட்டது.

தபால் கந்தோர் வாசலில் மீனலோசனி தந்தியை ஆழ்வாப்பிள்ளையின் முன்னால் விரித்துப் பிடித்தாள். "இதை எப்பிடி அப்பிடி வாசிச்சனீங்கள், ஐயா?"

ஆழ்வாப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றி, கடலில் போய்க்கொண்டிருந்த நீல லோஞ்சைக் காட்டினார்.

"நான் பிழையா வாசிக்கேல்லைப் பிள்ளை. வருகிறார் எண்டுதான் வாசிச்சனான். ஆள் வர ஒரு நாள் பிந்திப்போச்சு, அவ்வளவுதான்."