இரண்டு பேர், ஒரே நிரல்

பிஷ்கெக்கில் முதுகலை கணினி வகுப்பு. பெகிமாய் எழுதிய நிரலை ஜானிபெக் அவளுக்குத் தெரியாமல் நகலெடுத்துத் தன் பெயரில் கொடுத்துவிட்டான். பேராசிரியர் இருவரையும் எல்லோர் முன்னாலும் நிற்கவைத்தார்.

“யாரு திருடினது? சொல்லலேன்னா ரெண்டு பேருக்கும் பூஜ்யம்தான்.”

ஜானிபெக் அவள் காதருகே குனிந்தான். “நீயே ஒத்துக்கோடி. கல்யாணமாகிப் போறவளுக்குப் பட்டம் எதுக்கு?”

அவள் பேராசிரியர் பக்கம் திரும்பினாள். “அகாய், ரெண்டையும் அழிச்சிடுங்க. இங்கேயே திரும்ப எழுதறோம்.”

அவள் மளமளவென்று எழுதினாள். ஜானிபெக் வெறும் திரையை முறைத்துக்கொண்டிருந்துவிட்டுப் பையைத் தூக்கினான்.

“உன்னைச் சும்மா விடமாட்டேன்.”

“வாசல் அந்தப் பக்கம்டா.”

அவளுக்கு முழு மதிப்பெண் கிடைத்தது. பேராசிரியர் மன்னிப்புக் கேட்கவில்லை. அதன்பின் அவள் அவருக்கு வணக்கம் சொன்னதுமில்லை.