அக்கா வீட்டுப் பயணம்

ரொட்டி ஆலையில் பொட்டலம் கட்டும் அவளுக்குப் பிறந்த வீட்டு உறவென்று ஒரே ஒரு அக்கா. ரயிலில் இரண்டு நாள் தூரம். முகம் பார்த்து நாலு வருஷம் ஆயிற்று.

முதல் வருஷம் பயணத்துக்குச் சேர்த்ததெல்லாம், வெள்ளம் வீட்டுக்குள் புகுந்ததில் கட்டிலுக்கும் பீரோவுக்கும் போய்விட்டது. மறு வருஷம் தண்ணீர் இறைக்கும் மோட்டார் விழுங்கியது. அதற்கடுத்து வீட்டுக் காப்பீட்டுக் கட்டணம் எகிறியது. எலக்ட்ரீஷியனான கணவன் சுவிட்சுகளை எல்லாம் தோள் உயரத்துக்கு ஏற்றிவிட்டு, "இனிமே குனியற வேலையே இல்ல பாரு" என்று சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்த வருஷம் போயே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டாள். பெட்டியைத் துடைத்துக்கூட வைத்தாள். அந்த வாரம் பார்த்தா கொத்தனார் வந்து சுவரைத் தட்டிப் பார்க்க வேண்டும்?

"அடிச்சுவர் ஊறிப்போச்சும்மா. பூசி, தரைய ரெண்டடி தூக்கலன்னா இன்னொரு வெள்ளம் தாங்காது."

கணவன், "நீ போய்ட்டு வா. தரைய அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றான். அவள் சுவரில் நகத்தால் கீறினாள். பொலபொலவென்று உதிர்ந்தது. போனை எடுத்தாள்.

"அக்கா, இந்தத் தடவையும் வர முடியாது போல."

அக்கா, "நானே கிளம்பி வரதா இருந்தேன்டி" என்றாள். "திடீர்னு வாசல்ல வந்து நிக்கலாம்னு. போன வாரம் வெயில்ல உங்க மாமா மயங்கி விழுந்துட்டாரு. டாக்டர் சொன்னாருன்னு ஏசி வாங்கிட்டேன்."

"நீயும் சேத்துக்கிட்டா இருந்த?"

இருவருக்கும் சிரிப்பு பீறிட்டது. அது எங்கே அழுகையானது என்று இருவருக்குமே தெரியவில்லை.

தரை உயர்ந்தது. மழையும் சொன்ன நேரத்துக்கு வந்தது. தெருவெல்லாம் முழங்கால் அளவு தண்ணீர். வீட்டுக்குள் ஒரு சொட்டு இல்லை. கணவன் வீடெங்கும் வெறுங்காலில் நடந்து நடந்து பார்த்துக்கொண்டான்.

அவள் அக்காவை அழைத்தாள்.

"உள்ள வரலக்கா."

"நல்லதுடி. வீடு இப்ப எப்படி இருக்கு? சொல்லேன், கேக்கறேன்."

அவள் வாசலுக்குப் போய் நின்றுகொண்டாள்.

"புதுசா ரெண்டு படி கட்டியிருக்கோம். பாத்து ஏறு, வழுக்கும்."

"ஏறிட்டேன். அப்புறம்?"