நல்ல பணி

கொச்சியில் ஓர் ஆய்வகம் திவ்யலட்சுமிக்கு இடம் கொடுத்தது. காயல் தண்ணீரில் கலந்திருக்கும் பிளாஸ்டிக் துணுக்குகளைக் கோடை விடுமுறை முழுக்க எண்ண வேண்டும். சம்பளம் கிடையாது என்பது இரண்டாவது மின்னஞ்சலில்தான் தெரிந்தது. விடுதி வாடகைக்கு வழியில்லை என்றால், சாலைக் கடைத்தெருவில் மாமாவின் பாத்திரக் கடையில் உட்கார்ந்து பில் போட வேண்டியதுதான். மாமாவும் சம்பளம் தரமாட்டார். ஆனால் அவர் அதை இன்டர்ன்ஷிப் என்று சொல்வதில்லை.

ஆத்திரத்தில் தோழி ஸ்நேகாவுக்குப் போன் போட்டு மலையாளத்தில் கத்தினாள்: “எடீ, எனிக்கு நல்ல பணி கிட்டி!”

அவள் வயதுக்காரர்கள் மலையாளத்தில் அப்படிச் சொன்னால், வகையாக மாட்டிக்கொண்டேன் என்று பொருள். அடுத்த அறையில் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த அப்பா பகவதிப்பெருமாளின் காதில் அது தமிழாக விழுந்தது. மகளுக்கு நல்ல வேலை கிடைத்துவிட்டது. அரிசி மண்டியில் இத்தனை வருடம் கணக்கு எழுதியும் இந்த மலையாளம் அவர் பக்கம் வந்ததில்லை. நேரே பழவங்காடிக்குப் போய்ப் பிள்ளையாருக்கு அரைச் சாக்குத் தேங்காய் உடைத்தார். மத்தியானத்துக்குள் அவர்கள் குடியிருந்த வலியசாலைத் தெரு முழுக்க லட்டு.

மாலையில் மகள் விஷயத்தைச் சொன்னதும் தலையில் கை வைத்தார்.

“தெருவுல யாருகிட்டயும் மூச்சு விடாத மக்கா. லட்டு தின்னவன் எல்லாம் சிரிப்பான்.”

ஆனால் தெருவில் சொல்லாமல் வழியில்லை. சம்பளமில்லாத பயிற்சிக்குப் போகும் மாணவர்களுக்கென்றே தெருச் சங்கத்தில் ஓர் உதவித்தொகை இருந்தது. மஸ்கட்டில் இருக்கும் ஒருவர், தன் பிள்ளைக்கு இதே கதி நேர்ந்தபின் கொடுத்த பணம்.

ஞாயிற்றுக்கிழமை நேர்காணல். அப்பா வெளியே மற்ற பெற்றோர்களோடு உட்கார்ந்தார். உள்ளே செயலாளர் குற்றாலலிங்கமும் கல்லூரி ஆசிரியை ஸ்மிதாவும். குற்றாலலிங்கத்துக்குத் தொழில், பழவங்காடியில் தேங்காய்க் கடை.

“சம்பளம் இல்லேன்னு எழுதியிருக்கே. உங்கப்பன் எங்க கடையிலதான் காய் வாங்கினான். ‘அண்ணாச்சி, மகளுக்கு நல்ல வேலை’ன்னு ரோடு கேக்கச் சொன்னான். இப்ப யாரு பொய் சொல்லுகா? அவனா, நீயா?”

“நான் ‘பணி கிட்டி’ன்னு மலையாளத்துல சொன்னேன் மாமா. அப்பா அதைத் தமிழ்ல கேட்டுட்டாரு.”

ஸ்மிதாவுக்குச் சிரிப்பில் கண்ணாடி நழுவியது. மூச்சு வாங்கிக்கொண்டு செயலாளருக்கு அர்த்தம் சொன்னாள்.

குற்றாலலிங்கம் யோசித்தார். “அப்போ மாட்டிக்கிட்டதுக்கா அரைச் சாக்கு உடைச்சான்?”

“ஆமா மாமா.”

“சரி. ஆனா அப்பன் வாயால சொல்லணும். லட்டு தின்னவனுவ பூராவும் சங்கத்துல மெம்பரு. வேலை கிடைச்ச பிள்ளைக்கு எதுக்குத் துட்டுன்னு பொதுக்குழுவுல கேட்டா எனக்குல்லா பணி கிட்டும்.” புதிதாகப் படித்த சொல்லை உடனே செலவழித்ததில் அவருக்கே திருப்தி. “ஓய் பகவதி, உள்ள வாரும்!”

பகவதிப்பெருமாள் வந்தார். கதவு திறந்தே கிடந்தது. வெளியே இருந்த பேச்சு நின்றுவிட்டது.

“மகளுக்குச் சம்பளம் உண்டா, இல்லையாவே?”

அவர் வெளியே பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். அவள் அவர் சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அது வந்து... தொடக்கத்துல...”

“வெளிய கேக்கட்டும். சத்தமாச் சொல்லும்.”

“இல்லை!” கிழக்கேகோட்டை வரை கேட்டிருக்கும். “ஒத்தப் பைசா கிடையாது! சும்மா வேலை வாங்குகானுவ. லட்டு தின்னவன் எல்லாம் நல்லாக் கேட்டுக்கிடுங்க!”

வெளியே யாரோ, லட்டில் நெய் போதாது என்றார்.

குற்றாலலிங்கம் ‘அனுமதி’ என்று எழுதப் பேனாவைத் திறந்தார்.

“அண்ணாச்சி,” என்றார் பகவதிப்பெருமாள், “தமிழ்லயே எழுதும். மலையாளத்துல எழுதினா நான் இன்னொரு அரைச் சாக்கு வாங்கணும்.”