ஆள் மாறாத தட்டு

பெண் பார்க்கும் இடத்தைத் தெரிவு செய்தது பெண்ணின் அம்மா புஷ்பவதிதான். விஷயம் முற்றாகும் வரை வெளியில் தெரியக்கூடாது என்பது, பிரெஞ்சு பேசும் அந்த நகரத்தின் புறநகரான கர்க்லாண்டிலிருந்து வரும் மாப்பிள்ளை வீட்டாரின் நிபந்தனை. கோயிலில் வைத்தால் பூசை முடிவதற்குள் கதை பரவிவிடும். தமிழ்க் கடை என்றால் கொத்துரொட்டி மேசைக்கு வருவதற்குள்ளேயே பரவிவிடும். ஆகவே, தங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த பிலிப்பினோ சாப்பாட்டுக் கடையைச் சொல்லிவிட்டாள்.

"அங்கை எங்கட சனம் ஒண்டும் வராது. தேத்தண்ணி மட்டும் குடிப்பம்," என்றாள்.

"அம்மா, அங்கை மட்டும் வேண்டாம்," என்றாள் மகள் நிரோஜா.

"நீ வாயை மூடிக்கொண்டு வா."

வாயை மூடிக்கொண்டுதான் வந்தாள். காரணத்தைச் சொல்ல முடியாதே! வேலை முடிந்து வரும் வழியில் வாரம் தவறாமல் அதே கடையில் பன்றியிறைச்சி சாப்பிடுகிறவள் அவள். அம்மாவோ மகள் சுத்த சைவம் என்று மாப்பிள்ளை வீட்டில் அளந்துவிட்டிருந்தாள்.

மாப்பிள்ளை யதுர்ஷன் லட்சணமாக இருந்தான். பிரெஞ்சில் பகிடி விட்டான். நிரோஜாவுக்கு அவனைப் பிடித்துப்போய்விட்டது, அதுதான் வில்லங்கம். அவனுடைய அம்மா சிவாஜினி, "எங்கட வீட்டிலை முட்டைகூட இல்லை," என்று பெருமையடித்துக்கொண்டிருந்தபோது லூஸ் என்ற பெயருடைய கடைக்காரி வந்தாள். கேட்காமலே, புகை பறக்கும் இரும்புத் தட்டு ஒன்றை நிரோஜாவின் முன்னால் வைத்தாள். பொடியாக வெட்டி மொறுமொறுவென்று வறுத்த பன்றி, பக்கத்தில் சோறு. வழக்கமானதுதான், உனக்கு மிளகாய் கூடப் போட்டிருக்கிறேன் என்று பிரெஞ்சில் சொல்லிக் கண்ணடித்துவிட்டுப் போனாள்.

மேசைக்கடியில் புஷ்பவதி மகளின் தொடையில் நுள்ளினாள். "ஆள் மாறி வைச்சிட்டாள் போலை."

ஒரு 'ஓம்' போதும். தட்டு திரும்பிப் போய்விடும், கல்யாணமும் நடந்துவிடும். நிரோஜாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முப்பது வயதில், ஒரு துண்டு இறைச்சிக்காக லூஸையே தெரியாது என்பதா?

"ஆள் மாறேல்லை. எனக்குத்தான்," என்று தட்டைத் தன் பக்கம் இழுத்தாள்.

சிவாஜினி மூக்கைப் பொத்தினாள். பிறகு பெரிய மனது பண்ணினாள். "சரி, இங்கை வளர்ந்த பிள்ளைதானே. இனித் தொடமாட்டன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லட்டும். நாங்கள் பொறுத்துப் போவம்."

நிரோஜா யதுர்ஷனைப் பார்த்தாள். "நீங்கள் என்ன சொல்லுறியள்?"

அவன் தன் அம்மாவைப் பார்த்தான்.

"நான் சாப்பிடுவன் அன்ரி. கலியாணம் முடிஞ்சாப் பிறகும் சாப்பிடுவன். ஒளிச்சுச் சாப்பிட மாட்டன்."

கரண்டியை ஒதுக்கிவிட்டு, சோற்றோடு கையால் பிசைந்து வாயில் வைத்தாள். மனம் வலிக்கத்தான் செய்தது, பிடித்தவனாயிற்றே. ஆனாலும் ருசித்தது.

மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போனார்கள். யதுர்ஷன் வாசலில் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். அவள் அடுத்த கவளத்தை எடுத்தாள்.

புஷ்பவதி தலையில் கை வைத்துக்கொண்டாள். "எல்லாம் நாசமாப் போச்சு. இனியொரு சம்பந்தம் வந்தா, அவையை எங்கையடி கூட்டிக்கொண்டு போறது?"

"இங்கைதான் அம்மா. இதே மேசைக்கு," என்றாள் நிரோஜா. "முதல்லை என்ரை தட்டு வரட்டும். பேந்து அவை வந்து இருக்கட்டும்."