ஏழாவது நிமிடத்தில் நிற்கும் இன்ஜின்

இண்டியானாவின் ஜூலை வெயிலில் சோளம் செடியிலேயே பொரிந்துவிடும். அந்த வெயிலில், மாதிரி விமானக் கிளப்பின் மைதானத்தில் வெர்லின் ஸ்டாஃபர் அன்று நடந்த நடையைக் கூட்டினால் சிகாகோவுக்குப் போய்த் திரும்பியிருக்கலாம். கையிலிருந்த ஹாட் டாக்கை அவர் தின்னவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

நான்கு குளிர்காலம் தவமிருந்து கட்டிய மஞ்சள் நிற இரட்டை இறக்கை விமானம். அழகாக மேலே ஏறும். ஏழாவது நிமிடத்தில் இன்ஜின் நின்றுவிடும். இரண்டு முறை பக்கத்துச் சோளக்காட்டில் போய் விழுந்தாயிற்று. குற்றவாளி யாரென்று வெர்லினுக்குத் தெரியும்: தீப்பொறி கொடுக்கும் இக்னிஷன் பெட்டி. சூட்டில் மயங்கிவிடும், ஆறியதும் ஒன்றுமறியாத பிள்ளைபோல் வேலை செய்யும். சூடு அண்டக்கூடாதென்று அதன்மேல் ஸ்பாஞ்ச் சுற்றினார், அலுமினியத் தாள் சுற்றினார், மறுபடி ஸ்பாஞ்ச், மறுபடி தாள். எகிப்து மன்னர்களுக்குக்கூட அத்தனை சுற்று வாய்த்திருக்காது. அன்று காலையில் பறக்கவிட்டால் ஐந்தாவது நிமிடத்திலேயே நின்று, எப்படியோ ஓடுபாதை ஓரத்தில் இறங்கியது.

கிளப்பின் பாதுகாப்புப் பொறுப்பாளர் மார்ஜீன் வந்து நின்றாள். "சாயங்காலத்துக்குள்ள பத்து நிமிஷம் நிக்காம பறந்து காட்டு வெர்லின். இல்லேன்னா சனிக்கிழமை விழாவுல நீ நாற்காலி போட்டு வேடிக்கைதான் பார்க்கணும்."

அந்தச் சனிக்கிழமைக்காகத்தான் நான்கு குளிர்காலமும்.

பக்கத்து மேஜைக்காரர் டாய்ல், முப்பது வருட நண்பர், சுற்றியிருந்ததைப் பார்த்துச் சிரித்தார். "அந்தப் பெட்டிக்கே சொந்தமா சூடு உண்டுடா. ஜுரக்காரனுக்குக் கம்பளி போத்தினா ஜுரம் இறங்குமா?"

வெர்லின் ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு ஓடி, மனைவிக்குத் தெரியாமல் அவளுடைய இறைச்சி வெப்பமானியை எடுத்து வந்தார். தரையிலேயே இன்ஜினை ஓடவிட்டு, பெட்டியின்மேல் அதன் முனையை வைத்துப் பார்த்தார். நூற்றுத் தொண்ணூறு டிகிரி ஃபாரன்ஹீட். கோழியாக இருந்தால் பரிமாறியிருக்கலாம். சுற்றியதை உரித்தபின் நூற்று எழுபத்தைந்து. அதுவும் அதிகந்தான்.

டாய்ல் புல்லில் மல்லாந்து படுத்து அடியில் எட்டிப் பார்த்தார். "காத்து வர மூக்குல ரெண்டு ஓட்டை. போறதுக்கு? முன்வாசலைத் திறந்துட்டு கொல்லைக் கதவைப் பூட்டினா உள்ள புழுங்காம என்னடா செய்யும்?"

கொல்லைக் கதவைப் பூட்டியதே வெர்லின்தான், அழகுக்காக. இன்ஜின் மூடியின் அடிப்பக்கத்தில், நிஜ விமானத்தில் இருப்பதுபோல், பல் குத்தும் குச்சியால் இருநூற்றுப் பன்னிரண்டு ஆணித் தலைகளை வரைந்திருந்தார். கத்தியை எடுத்தார், வைத்தார். கார் வரை போய்த் திரும்பினார். மறுபடி எடுத்தார். மூன்றாம் முறை, உள்ளங்கை அகலத்துக்கு வெட்டியே விட்டார். பெட்டியையும் சைலன்சரின் பக்கத்திலிருந்து கழற்றி, இன்ஜினை அடுத்திருந்த மரத் தடுப்புக்குப் பின்னால் பொருத்தினார்.

விமானம் மறுபடி ஏறி ஆறு நிமிடம் கடந்தது. வெர்லின் மூச்சு விட்டதாகச் சாட்சியில்லை. ஏழு. எட்டு. பத்தில் மார்ஜீன் கை காட்டினாள். இறங்கி, இன்ஜின் உறுமியபடியே அவர் காலடிக்கு வந்து நின்றது.

"சனிக்கிழமைப் பட்டியல்ல உன் பேரை எழுதிட்டேன். அணைச்சுத் தொலை."

வெர்லின் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பதினஞ்சு ஆகட்டும்," என்றார்.