வருகிறவருக்கு ஒரு பிளக்

அன்புள்ள தாரியா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. பழைய பள்ளிப் பேருந்து ஒன்றை வாங்கி, இருக்கைகளைக் கழற்றிவிட்டு, அடுப்பும் கட்டிலும் போட்டுக்கொண்டு இந்தக் குளிர்காலத்தை அதிலேயே கழிக்கப் போவதாக எழுதியிருக்கிறாய். "அம்மா, நீங்க எப்படிச் சமாளிச்சீங்க?" என்று கடைசியில் ஒரு வரி. ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு வராது என்பது உனக்கே தெரியும். முதலிலிருந்து சொல்கிறேன்.

முதலில் தரை. இருக்கைகளைக் கழற்றினால் போல்ட் இருந்த இடமெல்லாம் ஓட்டை. ஒரு இருக்கைக்கு நான்கு, இருபத்திரண்டு இருக்கைக்கு எண்பத்தெட்டு. உன் அப்பா எண்பத்தேழை அடைத்தார். எண்பத்தெட்டாவதை நான் ஜனவரி மாதம் என் வெறுங்காலால் கண்டுபிடித்தேன். அடுத்தது ஜன்னல். ஒவ்வொன்றுக்கும் இரண்டு அடுக்கு பிளாஸ்டிக் தாள் ஒட்டி, அதன்மேல் பழைய ரஜாய்ப் போர்வையைத் தொங்கவிடு. ஒரே ஒரு ஜன்னலை மட்டும் விரலளவு திறந்து வை. அடுப்புக்கும் மூச்சு வேண்டும், உனக்கும் வேண்டும். மடக்குக் கதவு இருக்கிறதே, அதுதான் பெரிய திருடன். உள்பக்கம் இரண்டு கம்பளியைத் திரைபோல் மாட்டு.

வண்டிக்கு அடியில் காற்று புகாமல் சுற்றிலும் வைக்கோல் கட்டுகளை அடுக்கி, மேலே பனியை வாரிக் கொட்டினோம். வைக்கோலோடு எலிகளும் வந்தன. அதற்கு என்னிடம் இன்றும் பதில் இல்லை.

இவ்வளவு செய்தும் கூரை ஆணிகளின் தலையில் காலையில் வெள்ளையாக உறைபனி பூத்திருக்கும். அடுப்பு சூடேறியதும் அது உருகி என் கழுத்தில் சரியாகச் சொட்டும். மெத்தையைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடு. இல்லாவிட்டால் ரஜாய் சுவரோடு உறைந்து ஒட்டிக்கொள்ளும். பிய்த்துத்தான் எடுக்க வேண்டும்.

இனி நீ கேட்காததைச் சொல்கிறேன். நீ பிறந்த ஜனவரி.

ஒரெஸ்ட் பெரியப்பாவின் வயலோரத்தில்தான் நம் பேருந்து நின்றது. வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டியிருந்தோம். சிமெண்ட் ஊற்றுவதற்குள் மண் உறைந்துவிட்டது. ஏப்ரல் வரை பேருந்துதான் வீடு. அதற்குள் நீ ஐந்து வாரம் முந்திக்கொண்டு வந்துவிட்டாய். இரண்டு கிலோ இருந்தாய், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் என்னைப் பத்தாவது நாள் அனுப்பிவிட்டார்கள், உன்னை வைத்துக்கொண்டார்கள். மாவட்டத்து நர்ஸ் மிஸ் ஹால்டேன் வந்து பேருந்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் உன்னைத் தருவார்கள். தொட்டில் மெத்தையில் வெப்பமானி வைத்தால் பதினெட்டு டிகிரி காட்ட வேண்டும். காட்டாவிட்டால் உன்னைத் தூக்கிக்கொண்டு ஆயிரம் மைல் தள்ளி என் அக்கா வீட்டுக்கு நான் போக வேண்டும், வசந்தம் வரும்வரை. அப்பாவுக்கு மரம் அறுக்கும் ஆலையில் வேலை, வர முடியாது. பெரியப்பா வீட்டில் தங்கலாம் என்றால் அங்கே ஆறு பிள்ளைகள், நாலுக்குக் கக்குவான் இருமல்.

பெரியப்பாவின் தொழுவத்திலிருந்து எங்களுக்கு ஒரே ஒரு மின்கம்பி வந்தது. ஒரு நேரத்தில் ஒரு பொருள்தான் தாங்கும். இரண்டு போட்டால் தொழுவத்தில் ஃபியூஸ் போய்விடும். கம்பியின் நுனி வண்டிக்கு வெளியே, பின்பக்க பம்பரில் தொங்கும். தொட்டிலுக்கு அடியில் இருந்த சின்ன மின் ஹீட்டரின் ஒயரை ஜன்னல் வழியாக வெளியே விட்டு அதில் செருகியிருந்தோம். விறகடுப்பு கூரையைத்தான் சுடும். முழங்காலுக்குக் கீழே அந்த ஹீட்டர்தான் கதி.

மிஸ் ஹால்டேன் வந்த அன்று மைனஸ் முப்பத்தெட்டு. அப்பா விடியற்காலையிலிருந்து அடுப்பைத் தின்னவைத்துக்கொண்டே இருந்தார்.

"எவ்வளவுடி?"

"பத்தொன்பது."

"இப்ப?"

"வாசில், இப்பதான பார்த்தேன். அது என்ன பந்தயக் குதிரையா, நிமிஷத்துக்கு நிமிஷம் ஓட? பத்தொன்பதுதான். நீ உட்காரு."

பத்து மணிக்குக் கார் வந்து நின்றது. அப்பா கோட்டைக்கூட மாட்டாமல் ஓடினார். இங்கே எல்லாக் காருக்கும் முன்பக்கம் பல்லிடுக்கிலிருந்து, எஞ்சினைச் சூடாக வைக்கும் பிளக் ஒன்று தொங்குமே. நிறுத்தியதும் செருகாவிட்டால் எஞ்சினுக்குள் எண்ணெய் தார் போலாகிவிடும். யார் வந்தாலும் முதலில் பிளக், அப்புறம்தான் வணக்கம். தபால்காரருக்கும் அதேதான், கடன் கேட்டு வருகிறவருக்கும் அதேதான்.

"வாங்க சிஸ்டர், வாங்க! ஒயரை இப்படிக் குடுங்க, நான் போட்டுடறேன்" என்று அப்பாவின் குரல் கேட்டது.

என் காலடியில் ஹீட்டரின் விசிறி முனகி நின்றது.

அப்பா எங்கள் பிளக்கைப் பிடுங்கிவிட்டிருந்தார். அவர் வேண்டுமென்று செய்யவில்லை. அவர் கைக்கு அதுதான் பழக்கம். எங்கள் ஹீட்டரைப் பிடுங்கி நர்ஸின் காரைச் செருகியதை அவர் மூளை கவனிக்கவே இல்லை. மடக்குக் கதவு வேறு திறந்து மூடி, குளிர் அலையாக உள்ளே வந்தது. "அதைப் பிடுங்கு" என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை, தாரியா. வந்தவர் காரின் பிளக்கைப் பிடுங்கும் வீடு என்று பேரெடுக்க யாருக்கு மனம் வரும்?

மிஸ் ஹால்டேன் உயரமானவர், சிரிப்பைச் சிக்கனமாகச் செலவழிப்பவர். கையுறையைக் கழற்றினார். பையிலிருந்து வெப்பமானியை எடுத்து, உனக்காக விரித்து வைத்திருந்த மெத்தையில், குழந்தையைக் கிடத்துவதுபோல மெதுவாக வைத்து, ஓரத்துத் துணியையும் அதன்மேல் போர்த்தினார்.

"இருபது நிமிஷம் கழிச்சுப் பார்ப்போம்" என்றார்.

இருபது நிமிஷமும் அப்பா ஆலையைப் பற்றியும் எலிகளைப் பற்றியும் பேசிக்கொண்டே இருந்தார். நான் ஏற்கெனவே மடித்திருந்த உன் துணிகளைத் திரும்ப மடித்தேன்.

"பதினாறு" என்றார் மிஸ் ஹால்டேன்.

"இருக்கவே முடியாது சிஸ்டர்! காலைலேர்ந்து பத்தொன்பது. நோரா, சொல்லேன்!"

நான் தொட்டிலின் அடியைப் பார்த்தேன். அப்பாவும் பார்த்தார். அவர் முகம் காதுவரை சிவந்தது. இரண்டு பேரும் திருட்டுப் பூனைகள்போல நின்றோம்.

மிஸ் ஹால்டேன் குனிந்து ஹீட்டரைத் தொட்டுப் பார்த்தார். அதன் ஒயர் போகும் வழியைக் கண்ணால் தொடர்ந்தார்: தரை, சுவர், ஜன்னல், வெளியே. அங்கே பனியில் எங்கள் பிளக் அநாதையாகக் கிடந்தது.

"என் காருக்காகவா இதைப் பிடுங்கினீங்க?"

"இல்ல சிஸ்டர்... வந்தவங்க காரு..." அப்பா தலையைச் சொறிந்தார். "கை தானா போயிடுச்சு."

"ஏன்ய்யா, பெத்த பிள்ளை வீட்டுக்கு வரணுமா, என் கார் கிளம்பணுமா? எது முக்கியம்னு கேட்டா ஒரு பதில் சொல்ல மாட்டீங்களா?"

"அதை எப்படி சிஸ்டர் உங்ககிட்ட..."

அவர் கையுறையை மாட்டிக்கொண்டு தானே வெளியே போனார். ஹீட்டர் மறுபடி முனக ஆரம்பித்தது. திரும்பி வந்து கோட்டோடு எங்கள் கட்டிலில் உட்கார்ந்தார்.

"ஒண்ணு சொல்லிடறேன். பதினேழரைன்னு காட்டினா பதினேழரைன்னுதான் எழுதுவேன். பாவம் பார்க்கிற வேலை எனக்குத் தெரியாது. ஆனா காத்திருக்கத் தெரியும்."

"உங்க கார் உறைஞ்சிடுமே, சிஸ்டர்" என்றேன் நான்.

"உறையட்டும். அது என்ன ரெண்டு கிலோ குழந்தையா?"

பதினொன்றுக்குப் பதினாறரை. பன்னிரண்டுக்குப் பதினேழு. முட்டைக்கோஸ் இலையில் சோறு பொதிந்து வேகவைத்திருந்தேன்; ஆறு உருண்டை சாப்பிட்டார். "உப்பு கம்மி" என்றார், ஏழாவதையும் எடுத்துக்கொண்டே. அப்பா வெளியே விறகெடுக்கக் கிளம்பியபோதெல்லாம் "கதவைத் திறக்காதீங்க, உள்ளே இருக்கிறதைப் போடுங்க" என்று அதட்டினார். உள்ளே இருந்த விறகு தீர்ந்ததும் நாற்காலிக்காக வைத்திருந்த பலகையை அப்பா எடுத்துக் காலால் மிதித்து உடைத்தார். அந்த நாற்காலி கடைசிவரை செய்யப்படவே இல்லை.

ஒன்று பத்துக்குப் பதினெட்டு. அப்பா துள்ளிக் குதித்துக் கூரையில் தலையை இடித்துக்கொண்டார். மிஸ் ஹால்டேன் அசையவில்லை. "இன்னும் இருபது நிமிஷம்" என்றார். ஒன்றரைக்குப் பதினெட்டரை. அதன் பிறகுதான் படிவத்தையும் பேனாவையும் எடுத்து, எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கார் எதிர்பார்த்தபடியே பிணமாகக் கிடந்தது. சாவியைத் திருப்பினால் கிழவன் இருமுவதுபோல ஒரு சத்தம், அவ்வளவுதான். இனி பிளக்கைச் செருகினாலும் மாலைவரை ஆகும். அவர் மூன்று மணிக்கு ஊரில் பிள்ளை பெற்ற இன்னொரு வீட்டுக்குப் போக வேண்டும். அப்பா அடுப்பின் சாம்பல் தட்டை எடுத்தார்.

"வாசில், என்ன பண்ற?"

"வேற வழி?"

அடுப்பிலிருந்த தணலையெல்லாம் தட்டில் வாரி, காரின் எஞ்சினுக்கு அடியில் தள்ளி, முன்பக்கத்தைத் தார்ப்பாயால் மூடினார். மடக்குக் கதவு பத்து முறை திறந்து மூடியது. அடுப்பு கறுத்துப் போயிற்று. முக்கால் மணி நேரத்தில் கார் உறுமிக் கிளம்பியது. விட்டுப்போன பையை எடுக்க மிஸ் ஹால்டேன் உள்ளே வந்தபோது வெப்பமானி தொட்டிலிலேயே கிடந்தது. குனிந்து பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். ஒன்பது.

அவர் என்னைப் பார்த்தார்.

"பேனாவைப் பையில வெச்சுட்டேன்" என்றார். "நாளைக்குக் காலைல பத்து மணிக்குக் குழந்தையை வந்து வாங்கிக்குங்க. அதுக்குள்ள அந்த அடுப்பைப் பத்த வெச்சிடச் சொல்லு உன் புருஷனை."

அன்று அவர் சிரித்தது அந்த ஒருமுறைதான்.

மறுநாள் உன்னை அப்பாவின் கோட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்தோம். பேருந்தில் இருபத்தொன்று. நீ தும்மினாய். அப்பா உடனே இன்னொரு கட்டை போட்டார்.

இப்போது இந்த வீட்டில் சுவரில் ஒரு வட்டக் குமிழைத் திருகினால் கீழறையில் உலை தானே எரிந்து வீட்டைச் சூடாக்குகிறது. வசதிதான், குறையில்லை. ஆனாலும் சில காலைகளில் கண் விழித்ததும், பேருந்துக் கூரையில் உறைபனி பூத்த ஆணிகளைத்தான் முதலில் தேடுகிறேன். அந்த நான்கு மாதத்தில் குளிராத நாள் ஒன்றுகூட இல்லை. இருந்தும், திரும்பக் கொடுத்தால் வாங்கிக்கொள்வேன். அப்பா இதைக் கேட்டால் "அப்ப எலி பிடிக்கிறது யாரு?" என்பார். முற்றத்தில் கார் சத்தம் கேட்டால் இன்றும் கோட்டை மறந்துவிட்டுத்தான் ஓடுகிறார்.

அதனால் என் கடைசி யோசனை, மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதே: உன் பேருந்துக்கு மின்கம்பி இழுக்கும்போது ஒன்றோடு நிறுத்தாதே, இரண்டு இழு. ஒன்று உன் ஹீட்டருக்கு. மற்றது வருகிறவருக்கு.

அன்புடன்,
அம்மா

பின்குறிப்பு: மிஸ் ஹால்டேனின் வெப்பமானி அன்று தொட்டிலிலேயே தங்கிவிட்டது. பலமுறை திருப்பித் தரப் போனேன், "வெச்சுக்கோ" என்றார். இத்தோடு அனுப்பியிருக்கிறேன். அரை டிகிரி குறைத்துக் காட்டும்.